மலையில் கோல்ஃப்: முதன்முறை போகிறவர் என்ன உடுத்திக்கொள்வது?

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கோல்ஃப் ஆட அழைப்பு வந்தால் பலருக்கும் முதலில் வரும் சந்தேகம், "என்ன போட்டுக்கொண்டு போவது?" என்பதுதான். நியாயமான கவலை. மட்டையை இரவல் வாங்கிவிடலாம். எந்தக் குழிக்கு எந்த மட்டை என்பதை, பையைத் தூக்கிக்கொண்டு உடன் வரும் 'கேடி' என்னும் உதவியாளர் சொல்லித் தந்துவிடுவார். காலரில்லாத பனியனோடு கிளப் வாசலில் போய் நின்றால் யாரும் உதவ முடியாது.

இந்த மலைகளில் உடை விதி இரண்டு. ஒன்று கிளப் எழுதியது. மற்றொன்று 7,000 அடி உயரம் எழுதியது. முதலாவதை மீறினால் உங்களைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவதை மீறினால் புன்னகையோடு உள்ளே விடுவார்கள். ஐந்தாவது குழியில் நீங்களே நடுங்கிக்கொண்டு திரும்பி வருவீர்கள்.

கோல்ஃப் விதிப் புத்தகத்தில் சட்டைக்கும் பேண்டுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக் கூடாது என்று கணக்குச் சொல்லும் அந்தப் புத்தகம், காலரைப் பற்றி வாய் திறப்பதில்லை. மைதானத்துக்கான நடத்தை நெறியை நடத்துகிறவர்களே வகுத்துக்கொள்ளலாம் என்று இடம் விடுகிறது. உடை அதற்குள் வந்துவிடுகிறது. ஒரு கிளப்பில் செல்லும் அரைக்கால் சட்டை இன்னொன்றில் செல்லாமல் போவது இதனால்தான். ஒரு காலத்தில் பிரிட்டனில் பொதுநிலங்களில் ஆடியவர்கள், வழிப்போக்கர்கள் தூரத்திலேயே கண்டு விலகட்டும் என்று சிவப்புக் கோட்டு அணிந்தார்கள். லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில் ஆடுகிறவர்கள் இன்றைக்கும் சிவப்பு மேலாடைதான் அணிய வேண்டும். காலருக்கு அப்படி உயிர்காக்கும் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் விருந்தாளியாகப் போகிற இடத்தில் அதை வாதாடுவதைவிடக் காலர் வைத்த ஒரு சட்டை வாங்குவது மலிவு.

படி 1: முதலில் தொலைபேசி

நீலகிரியில் ஊட்டி ஜிம்கானா, 1873இல் தொடங்கிய வெலிங்டன் ஜிம்கானா, பழனி மலையில் 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் என்று மூன்று இடங்கள் பழையவை, பேர்போனவை. எங்கே போவதானாலும் முந்தின நாள் அலுவலகத்துக்குப் பேசிவிடுங்கள். விருந்தினர் ஆட அனுமதி உண்டா, அரைக்கால் சட்டை செல்லுமா, ஷூவின் அடியில் எந்த வகை முள் இருக்கலாம், சாப்பாட்டு அறைக்குத் தனி உடை வேண்டுமா என்று கேளுங்கள். உங்களை அழைத்த நண்பரிடம் கேட்டுக்கொண்டால் போதாதா என்றால், போதாது. நெடுநாள் உறுப்பினர்களுக்கு விதி பழகிப்போய் மறந்திருக்கும். வெலிங்டன் ராணுவப் பகுதி என்பதால் அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியிலிருந்து சொந்த வண்டியில் ஏறுகிறவர்கள், 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

படி 2: மேல் சட்டை

காலர் வைத்த டி-ஷர்ட். பெரும்பாலான இடங்களில் இது போதும். வட்டக் கழுத்து, கையில்லாத பனியன், மார்பில் பெரிய எழுத்துகளில் வாசகம், கிரிக்கெட் அணியின் ஜெர்சி ஆகியவை வேண்டாம். சட்டையை பேண்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். சில இடங்களில் அதுவும் விதிதான்.

இதற்காக வெளிநாட்டுப் பெயர் பொறித்த சட்டைக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. உலகத்துக்கெல்லாம் டி-ஷர்ட் தைத்து அனுப்பும் திருப்பூர் மலையடிவாரத்திலிருந்து அதிகத் தூரமில்லை. அங்கே ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு விற்கும் கடைகளில் நல்ல துணியில் காலர் சட்டை கிடைக்கும். வாங்கும்போது துணியை மட்டும் கவனியுங்கள். முழுப் பருத்தி சமவெளிக்கு அமிர்தம். மலையில் அதுவே பகை. ஏற்றத்தில் நடக்கும்போது வியர்வையைக் குடித்துக்கொண்டு உலராமல் உடம்போடு ஒட்டி நிற்கும். மேட்டில் காற்று வீசியதும் அந்த ஈரம் ஆவியாகி உங்கள் உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பாலியெஸ்டர் கலந்த, சீக்கிரம் உலரும் துணி நல்லது. உள்ளே போடும் பனியனுக்கும் இதே கணக்கு.

படி 3: பேண்ட்

ஜீன்ஸ் வேண்டாம். ட்ராக் பேண்ட் வேண்டாம். தொடைப் பக்கம் பை தொங்கும் கார்கோவும் வேண்டாம். அலுவலகத்துக்குப் போடும் சாதாரண பேண்ட், இடுப்பில் பெல்ட், இவ்வளவே. பந்து, முதல் அடிக்குப் பந்தைத் தாங்கும் 'டீ' என்ற சிறு முளை, க்ரீனில் (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில்) பந்தின் இடத்தைக் குறிக்கும் வில்லை எல்லாம் பையில் இருக்க வேண்டும் என்பதால் பாக்கெட் ஆழமாக இருக்கட்டும். ஈரமான செம்மண்ணில் வெள்ளைப் பேண்டோடு நடப்பவரை வீட்டில் துணி துவைப்பவர் மன்னிக்க மாட்டார். பழுப்போ கருநீலமோ எடுங்கள். கீழ் விளிம்பு தரையில் புரளக் கூடாது. காலைப் பனி அதில் ஏறி முழங்கால் வரை நனைத்துவிடும்.

அரைக்கால் சட்டைக்கு அனுமதி உண்டென்றால் முழங்கால் வரை வரும், தைத்த துணியாக இருக்கட்டும். அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூரே தன் ஆட்டக்காரர்களுக்கு 2019இல்தான், அதுவும் போட்டிச் சுற்றுகளுக்கு வெளியே மட்டும், அரைக்கால் சட்டையை அனுமதித்தது. என்னைக் கேட்டால் இந்த மலைகளில் அதைக் கொண்டுவரவே வேண்டாம். பந்து, புல் வெட்டிய ஆட்டப் பாதையான ஃபேர்வேயை விட்டு ஓரப் புதருக்குள் போகத்தான் போகிறது. முதல்முறை ஆடுகிறவருக்கு அடிக்கடி போகும். அங்கே செந்தட்டி உரசினால் அன்று முழுக்கச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

வேட்டி? இதைக் கேட்காத தமிழர் இல்லை. 2014இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விட மறுத்தது பெரிய விவாதமாயிற்று. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டியோ வேறு இந்திய மரபுடையோ அணிந்து வருகிறவரைப் பொது இடங்களிலும் பொழுதுபோக்குக் கிளப்புகளிலும் தடுத்தால் உரிமம் ரத்தாகலாம். ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆகவே விருந்துக்கு வேட்டியோடு தலை நிமிர்ந்து போங்கள். ஆனால் அந்தச் சட்டம் நுழைவைப் பற்றியது. மட்டை வீசுவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கால்களை அகட்டி நின்று, இடுப்பைத் திருப்பி, உடம்பின் பாரத்தை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாற்றும் ஆட்டத்தில், மலைக்காற்றும் சேர்ந்துகொண்டால் வேட்டியின் கதி என்ன என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

படி 4: ஷூ. பணம் இருந்தால் இங்கே போடுங்கள்

மற்ற எல்லாம் அலமாரியிலேயே கிடைக்கும். ஷூ கிடைக்காது.

இங்குள்ள மைதானங்களில் சமதளத்தில் நிற்கும் பாக்கியம் அடிக்கடி வாய்க்காது. ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, அடியில் ஈரப்புல். வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஷூவோடு முழு வேகத்தில் மட்டையை வீசினால் பந்துக்கு முன்னால் நீங்கள் சறுக்குவீர்கள். பழைய உலோக முள் ஷூக்கள் க்ரீனின் புல்லைக் கிழிக்கும் என்பதால் பல கிளப்புகள் அவற்றைத் தடுத்துவிட்டன. இப்போது இரண்டு வகை வழக்கத்தில் உள்ளன: திருகி மாட்டும் பிளாஸ்டிக் முள் வைத்தது, முள்ளே இல்லாமல் ரப்பர் புடைப்புகள் மட்டும் உள்ளது. பெங்களூரிலோ சென்னையிலோ ஆடுகிறவர் இரண்டாவதை வாங்கலாம். நனைந்த மலைச்சரிவுக்கு முதலாவதுதான்.

உடனே வாங்க மனமில்லையா? முதல் நாளுக்கு, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள விளையாட்டு ஷூ செல்லுமா என்று படி 1இல் கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பு, சாண்டல், குதிகால் உயர்ந்த ஷூ எங்கும் செல்லாது. புது ஷூவை மைதானத்தில் முதன்முறையாகப் போடாதீர்கள். 18 குழிக்கும் நடந்தால், மேடு பள்ளத்தையும் சேர்த்து ஏழெட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாது. வீட்டைச் சுற்றி சில நாள் போட்டு நடந்து காலுக்குப் பழக்குங்கள்.

சாக்ஸ் கணுக்காலுக்கு மேலே வரட்டும். ஜூன் முதல் சோலை ஓரங்களில் அட்டை காத்திருக்கும். பந்தைத் தேடிப் போகும்போது பேண்டின் விளிம்பைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இராது, இரத்தம் மிச்சம். மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

படி 5: அடுக்கடுக்காக உடுத்துங்கள்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வியர்த்த அதே சட்டையோடு மேலே வந்து இறங்குகிறவர் பல்லைக் கடித்துக்கொள்வது இதனால்தான். காலை எட்டு மணிக்குக் குளிர், பதினொன்றுக்குச் சுள்ளென்ற வெயில், இரண்டு மணிக்கு மூடுபனி, மூன்றுக்குச் சாரல் என்று ஒரே ஆட்டத்தில் நான்கையும் பார்க்கலாம்.

தடிமனான ஒற்றை ஜெர்கின் இதற்குச் சரிப்படாது. அதில் கை சுழலாது. கழற்றினால் குளிர், போட்டால் புழுக்கம். காலர் சட்டை, அதன்மேல் கையில்லாத கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜெர்கின். இந்த மூன்றில் நடு அடுக்குதான் கெட்டிக்காரன்: நெஞ்சுக்குச் சூடு தரும், தோளைக் கட்டிப்போடாது. ஊட்டி தாவரவியல் பூங்கா சாலையில் திபெத்தியர் கடைகளில் இத்தகைய ஸ்வெட்டர் பார்க்கலாம். வாங்கும் முன் கடையிலேயே இரு கைகளையும் சேர்த்து மட்டை வீசுவதுபோல் ஒருமுறை வீசிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். அக்குளில் பிடித்தால் அந்த அளவு வேண்டாம்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புல்லில் உறைபனி படிந்திருக்கும் காலைகளில் யாரும் மிதிக்கக் கூடாது. உறைந்த இலையின் செல்கள் உடைந்து, மிதித்த தடம் பழுப்பாகக் கருகிவிடும். வெயில் ஏறிய பிறகே ஆட்டம். அதுவரை குல்லாவும் மப்ளரும் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கலாம். ஆடும்போது மப்ளரைக் கழற்றிவிடுங்கள்.

படி 6: தொப்பி, கையுறை, களிம்பு

குளிருகிறதே என்று வெயிலை நம்பிவிடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறும் ஒவ்வொரு முறையும் புற ஊதாக்கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. உறைக்காமலே மூக்கும் பிடரியும் கருகும். சன்ஸ்க்ரீன் தடவிக்கொண்டு, முன்பக்கம் நீட்டிய தொப்பியை நேராக அணியுங்கள். கிளப் கட்டடத்துக்குள் நுழைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

வலக்கைக்காரர் இடக்கையில் மட்டும் கையுறை போடுவார். தோல் கையுறை நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் விறைக்கும். மழைக்காலத்துக்கென்று செயற்கை இழைக் கையுறை இருக்கிறது; நனைய நனையப் பிடிப்பு கூடும்.

படி 7: மழை

ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கலாம். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் பெருமழை. போர்வைபோல் தொங்கும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு கையில் சிக்கிக்கொள்ளும். மேலும் கீழுமாக இரண்டு துண்டாக வரும் மழையுடை வாங்குங்கள். ஈரத்தைத் துடைக்கத் துண்டு ஒன்று, நனைந்த உடையைப் போடத் துணிப்பை ஒன்று. பிளாஸ்டிக் பைகளுக்கு மலையில் தடை. ஏப்ரல், மே மாதக் கோடை மழை இடியோடு வரும். மின்னல் கண்டால் குடையையும் மட்டையையும் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள்; மின்னல் ஆபத்து என்று நினைத்தால் ஆட்டத்தை நிறுத்த விதியே உங்களுக்கு உரிமை தருகிறது.

வானத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் கேடியைப் பாருங்கள். "அண்ணா, ஜெர்கின் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டு, அவர் ஆம் என்றால் மறுபேச்சு வேண்டாம்.

பெண்களுக்கு

பெரும்பாலான கிளப்புகளில் கை இருந்தால் காலர் இல்லாமலும், காலர் இருந்தால் கை இல்லாமலும் சட்டை செல்லும். லெக்கிங்ஸை மட்டும் தனியாக அணிவதைப் பல இடங்களில் ஏற்பதில்லை. சுடிதார் அணிய விரும்பினால் குட்டையான, பக்கவாட்டில் பிளவுள்ள மேல்சட்டையும் ஒட்டிய பேண்டும் எடுங்கள். துப்பட்டாவை அறையிலேயே வைத்துவிடுங்கள், மட்டையில் சுற்றும். கண்ணாடி வளையல்களையும் கழற்றிவிடுவது நல்லது. தலைமுடியைப் பின்னித் தொப்பிக்குள் கொண்டுவந்தால் காற்றுக்குப் பயமில்லை.

ஆட்டம் முடிந்த பின்

முள் ஷூவோடு சாப்பாட்டு அறைக்குள் போகாதீர்கள். மாற்றுக்கு ஒரு ஜோடி தோல் ஷூவும் உலர்ந்த சட்டையும் வண்டியில் இருக்கட்டும். இரவு விருந்தென்றால் கோட்டு கேட்கும் அறைகளும் உண்டு. படி 1இலேயே தெரிந்திருக்கும். விடுதிக்குத் திரும்பியதும் நனைந்த ஷூவின் சேற்றைத் தட்டி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரம் ஏற ஏற மாற்றுங்கள். கணப்படுப்பின் முன் வைத்தால் தோல் வெடிக்கும். ஜூலை மாதத்து ஊட்டியில் துணி ஒரு நாளில் காயாது என்பதால், மறுநாளும் ஆடுவதாக இருந்தால் எல்லாவற்றிலும் இன்னொரு ஜோடி கொண்டுவாருங்கள்.