ரத்தக்காட்டேரி, ஜாம்பி கதை எழுதுமுன் போட வேண்டிய கணக்குகள்

கடிபட்டவர்கள் எல்லாரும் ரத்தக்காட்டேரி ஆவார்கள், ஒரு காட்டேரிக்கு ராத்திரிக்கு ஒரு கடி என்று வைத்தால், ஒன்றில் தொடங்கி எண்ணிக்கை தினமும் இரட்டிக்கும். 33ஆம் ராத்திரி 800 கோடியைத் தாண்டிவிடும். கடிக்க ஆளே மிஞ்சாது. ஆகவே கடிபட்டதும் மாறிவிடக் கூடாது. மாறுவது அபூர்வமாக இருக்கட்டும்.

அடுத்து, எவ்வளவு குடிக்கிறது? பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். இரண்டு லிட்டருக்கு மேல் ஒரேயடியாகப் போனால் பிழைப்பது கஷ்டம். ரத்ததான முகாமில் எடுக்கும் 350 மில்லி அளவுக்கே ராத்திரிதோறும் குடிக்க விடுங்கள். நாலைந்து நாளில் கடிபட்டவருக்குப் படியேறினால் மூச்சு வாங்கும், கீழிமையின் உட்பக்கம் வெளுக்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும். வீட்டார் ரத்தசோகை என்று பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். வாசகருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

வெளிறிய முகம், கறுப்பு அங்கி சலித்துப்போய்விட்டது. 1720களில் செர்பியக் கிராமங்களில் காட்டேரி என்று தோண்டியெடுத்த பிணங்கள் உப்பிச் சிவந்து, வாயில் ரத்தத்தோடு கிடந்தன. அழுகும்போது உண்டாகும் வாயு வயிற்றை உப்பவைத்து, நுரையீரலிலிருந்து கருஞ்சிவப்பு நீரை வாய்க்குத் தள்ளும். தோல் சுருங்குவதால் நகம் வளர்ந்ததுபோல் தெரியும். காட்டேரியை அழிப்பதாக நினைத்து நெஞ்சில் கழியை இறக்கினால் வாயு தொண்டை வழியே வெளியேறி, பிணம் முனகும். கோரைப்பல்லைவிட இது பயங்கரம்.

வெயில் பட்டால் அழிவது பழைய நம்பிக்கை இல்லை; 1922இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படம் பரப்பியது. 1897இல் வந்த ‘டிராகுலா’ நாவலில் காட்டேரியான டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். எந்த விதி வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கதையின் முதல் கால்பாகத்திலேயே காட்டிவிடுங்கள். கடைசிக் காட்சியில் திடீரென்று பூண்டு காட்டேரியை விரட்டினால் அது ஏமாற்று.

ஜாம்பிக்குப் பேச்சு, தந்திரம் எதுவும் வேண்டாம். ஹைத்தி நாட்டுப் பழங்கதைகளில் வரும் ஜாம்பி கடிக்காது. செத்த பிறகும் அடிமையாக உழைக்கும். அது வேறு கதை. கூட்டமாக வரும் ஜாம்பியிடம் பயமே அதற்குக் களைப்பு இல்லை என்பதுதான். மணிக்கு 2 கிலோமீட்டர் நடந்தால் போதும்: 12 கிலோமீட்டர் முன்னால் ஓடிவிட்ட ஆள் ஆறு மணி நேரம் தூங்கி எழும்போது அது வாசலில் நிற்கும். ஒரு காட்சியில் தள்ளாடி, அடுத்ததில் ஓடினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

உடம்பையும் கவனியுங்கள். செத்து 12 மணி நேரம் ஆன உடம்பு விறைத்திருக்கும், முழங்கால் மடங்காது. விறைப்பு தளர்ந்தபின் அடிவயிற்றின் வலப்பக்கம் முதலில் பச்சையடிக்கும். வெயில் ஊரில் சில வாரங்களிலேயே சதை போய்விடும் என்பதால், ஜாம்பிகள் வருடக்கணக்கில் நடமாட வேண்டுமென்றால் அழுகல் ஏன் நின்றது என்று ஒரு வரியாவது எழுதியாக வேண்டும்.