ஓரக்கண்ணால் பார்க்கிற பிள்ளையிடம் "என்னைப் பாரு" என்று அதட்டாதீர்கள்

மண்டபம் ஊரில் எங்கள் அக்கா மகனுக்கு மூன்று வயது, ஆட்டிசம். கரையில் காயப்போட்ட வலையை ஒட்டியே தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நடப்பான், தண்ணீரில் வெயில் மினுங்கினால் விரல்களைக் கண்ணோரம் ஆட்டியபடி அதிலேயே லயித்துவிடுவான். ஒளியிலும் அசைவிலும் இப்படி ஈர்க்கப்படுவதை 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

முகவாயைப் பிடித்துத் திருப்பாதீர்கள். நேராகக் கண் பார்ப்பதே பல பிள்ளைகளுக்குப் பெரிய அழுத்தம், பார்க்காமலேயே கேட்டுக்கொண்டும் இருப்பார்கள். பக்கவாட்டில், அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, அவன் பார்ப்பதையே நீங்களும் பார்த்து "மினுமினுன்னு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். எங்களுக்கு ஒரு சிப்பி உதவியது, அதை எங்கள் முகத்தருகே பிடித்தால் தானாகவே ஒரு நொடி பார்ப்பான். அது போதும்.

அப்புறம், ஓரப்பார்வை என்றாலே ஆட்டிசம்தான் என்றில்லை. மாறுகண் இருந்தாலும் தலை சாயலாம், அதனால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தொட்டாலும் அசையாமல் சில நொடி வெறித்து நின்றால் வலிப்பாகவும் இருக்கலாம், செல்போனில் வீடியோ எடுத்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 16 முதல் 30 மாதப் பிள்ளை என்றால் ஆட்டிச அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க உதவும் எம்-சாட் கேள்விப்பட்டியலையும் கேளுங்கள்.