மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இறங்கினதும் 'கேன் லா' புரியணுமா? புதுசா வர்றவங்களுக்கு

தமிழ்நாட்டுல இருந்து சொந்தக்காரங்க வந்தா முதல் நாள் ஒரே புலம்பல்தான், இவங்க பேசுறது இங்கிலீஷா மலாய் மொழியா சீனமான்னு. மூணும்தான், கூட கொஞ்சம் தமிழும் இருக்கு. ஊரைச் சுத்தி கித்தா (ரப்பர்) தோட்டம், செம்பனை (பாமாயில்) தோட்டம், அங்க நம்மாளுங்க, டவுன் கடைவரிசையில சீனத் தவுக்கே (முதலாளி), ஆபீஸ்ல மலாய்க்காரங்க, எல்லாரும் தலைமுறை தலைமுறையா ஒரே பசார்ல சாமான் வாங்கி வித்து பேசிப் பேசி உருண்டு திரண்ட இங்கிலீஷ் இது. ஸ்கூல் கிராமரை வச்சுப் பிடிக்கப் போகாதீங்க, தமிழ்க் காதால கேளுங்க. இங்க பழகிட்டா ஈப்போ, கோலாலம்பூர்லயும் சமாளிச்சிடலாம்.

முதல் படி: வாலைக் கேளுங்க

'கேன்' (can) ஒண்ணுதான், ஆனா பின்னாடி ஒட்டுற வால்தான் முழு சேதியும். டயர் கடைக்குப் போய் இன்னைக்கே முடியுமான்னு கேக்குறீங்கன்னு வைங்க. 'கேன்'னா முடியும், அவ்ளோதான். 'கேன் லா'ன்னா அட முடியும்ங்க, ஏன் பயப்படுறீங்க. 'கேன் லோர்'னா சரி, வேற வழியில்ல, செஞ்சு தர்றேன். 'கேன் கொட்'னா முடியும்னு நினைக்கிறேன், அதை நம்பி வேற வேலை வச்சுக்காதீங்க. பக்கத்துல நிக்கிற ஆளு 'கேன் மே?'ன்னு இழுத்தா, இதெல்லாம் நடக்குமா என்னன்னு சந்தேகம். 'கேன் ஆ?' வந்தா குழப்பமே இல்ல, முடியுமான்னு கேள்வி, நம்ம 'வரியா'ல வர்ற அதே ஆ மாதிரிதான்.

ரெண்டாவது படி: தமிழாக்கிப் பாருங்க

'ஈட் ஆல்ரெடி?'ன்னா பசியாறியாச்சா. 'ஆல்ரெடி' வர்ற இடத்துல 'ஆச்சு' போட்டுப் பாருங்க, பாதி வேலை முடிஞ்சது. 'காட்' (got)னா இருக்கு, 'நோ காட்'னா இல்ல, 'வேர் காட்!'னு குரல் ஏறுனா இடம் கேக்கல, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு மறுக்குறாங்க. 'ஐயோ'வுக்கு விளக்கம் வேணாம், எல்லா இனத்துக்காரங்களும் சொல்றாங்க, 2016ல ஆக்ஸ்ஃபர்ட் அகராதியே சேர்த்துக்கிச்சு.

மூணாவது படி: காருல ஏறும்போது

'யூ வாண்ட் டு ஃபாலோ?'ன்னு கேட்டா வேற வண்டியில பின்னாடி வரச் சொல்லல, அவங்க காருலயே கூட வரீங்களான்னு அர்த்தம். 'ஐ சென்ட் யூ'ன்னா கொண்டுபோய் விடுறேன். பார்க்கிங்ல யாராவது 'கோஸ்தான், கோஸ்தான்'னு கை காட்டுனா வண்டியைப் பின்னாடி எடுங்க, கப்பல்காரங்க இங்கிலீஷ்ல 'கோ ஆஸ்டர்ன்'னு இருந்தது இங்க வந்து இப்படி ஆயிடுச்சு. 'ஆன் த வே'ன்னு மெசேஜ் வந்தா, என் அனுபவத்துல ஆளு இன்னும் குளிக்கவே போகல.

நாலாவது படி: அடக்கி வாசிங்க

புதுசா வர்றவங்க எல்லா வாக்கியத்துக்கும் 'லா' போடுறாங்க, கேக்கச் சகிக்கல. 'வாட் இஸ் யுவர் நேம் லா'ன்னு இங்க யாரும் பேச மாட்டாங்க. இமிகிரேஷன் கவுண்டர், பேங்க்ல சாதா இங்கிலீஷே போதும்.

கடைசிப் படி: மாமாக் கடை

மாமாக் கடைன்னா தமிழ் முஸ்லிம்கள் நடத்துற சாப்பாட்டுக் கடை, பரீட்சையே இங்கதான். ஆர்டர் எடுக்க வர்றவரும் 'பாஸ்', நீங்களும் 'பாஸ்', முதலாளி யாருன்னு தேடாதீங்க. 'தே'ன்னா டின் பால் போட்ட டீ, 'தே ஓ'ன்னா பால் இல்ல, 'ஐஸ்' சேத்தா ஐஸ் டீ, 'குராங் மானிஸ்'னா சீனி கம்மி, 'கோசோங்'னா சீனியே இல்ல. அதே 'ரொட்டி கோசோங்'னா உள்ள ஒண்ணும் வைக்காத ரொட்டி, போன் நம்பர் சொல்லும்போது கோசோங்னா சைபர், இடத்தைப் பாத்துப் புரிஞ்சுக்கணும். 'தாப்பாவ்' கான்டனீஸ், பார்சல். டீயை தாப்பாவ் கேட்டா பிளாஸ்டிக் பையில ஊத்தி, ஸ்ட்ராவைச் சொருகி, ஓரமா கயித்தால இறுக்கிக் கட்டிக் குடுப்பாங்க, விரல்ல மாட்டிக்கிட்டே நடக்கலாம்.

பில்லு வேணும்னா 'பாஸ், கிரா'. அவர் வந்து மேசையில காலித் தட்டு, கிளாசை ஒரு பார்வை பாத்துட்டு எவ்ளோ வெள்ளின்னு (ரிங்கிட்) சொல்லுவார், இல்லன்னா துண்டுச் சீட்டு வைப்பார், அதை கவுண்டர்ல கொண்டுபோய்க் கட்டிடுங்க.