தெர்மல் வாங்கும்போதும் துவைக்கும்போதும் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ தெர்மல் உள்ளாடை வாங்கப் போனால், அட்டையில் ‘ஆன்டிமைக்ரோபியல்’ (கிருமி எதிர்ப்பு), ‘குயிக் ட்ரை’ என்று என்னென்னவோ போட்டிருக்கும். எல்லாமே பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் பல, துணி தயாரான பிறகு கடைசியில் ஏற்றும் ரசாயனப் பூச்சு, அதாவது ஃபினிஷ். எதற்காக ஏற்றினார்களோ அந்த வேலையை மட்டும்தான் அது செய்யும்.

கிருமி எதிர்ப்புத் துணி போட்டால் சளி, காய்ச்சல் அண்டாது என்று நினைப்பது முதல் தவறு. வெள்ளி அயனிகளோ குவாட்டர்னரி அம்மோனியம் என்ற வகைக் கிருமிநாசினிச் சேர்மங்களோ ஏற்றிய துணியில் பாக்டீரியா பெருகாது. வியர்வையைத் தின்று நாற்றம் கிளப்புவது அந்தப் பாக்டீரியாதான் என்பதால் வாடை குறையும். அவ்வளவுதான். பாக்டீரியா ‘99.9%’ ஒழியும் என்று அட்டையில் போடுவதும் ஆய்வகக் கணக்கு. குறிப்பிட்ட ஓரிரு பாக்டீரியாக்களைத் துணியில் விட்டு, அவற்றுக்கு இதமான 37 டிகிரியில் ஒரு நாள்போல வைத்துவிட்டு, எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

நம் மலைக்கு இதில் இன்னொரு சிக்கல். கூடலூரிலும் அவலாஞ்சியிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் துணி நாள்கணக்கில் காயாது. பீரோவைத் திறந்தால் அடிக்கும் அந்த வாடை பூஞ்சையுடையது. பாக்டீரியாவுக்கான சோதனையில் தேறிய துணி பூஞ்சையையும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. அதற்குச் சோதனையே வேறு. ஆகவே ஈரம் லேசாக இருக்கும்போதே மடித்து வைத்தால் எந்த ஃபினிஷும் காப்பாற்றாது.

அடுத்தது, உடல் சூட்டுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று விற்கும் துணி. விலை அதிகம், எதிர்பார்ப்பு அதைவிட அதிகம். கண்ணுக்குத் தெரியாத உறைகளில் மெழுகு போன்ற பொருளை அடைத்துத் துணியில் ஏற்றியிருப்பார்கள். பெரும்பாலும் பயன்படுவது ஆக்டாடெக்கேன். ஏறக்குறைய 28 டிகிரியில் உருகும். உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டு, உறையும்போது திருப்பித் தரும். புதிதாகச் சூட்டை உண்டாக்காது. ஒரு சட்டையில் 50 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிராமுக்குச் சுமார் 240 ஜூல் என்றால் மொத்தம் 12,000 ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கும் உடலே 100 வாட் அளவுக்கு வெப்பம் விடுகிறது. ஆக, அந்த இருப்பு இரண்டே நிமிடத்துக்கான சூடு! அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைபவருக்கு உடம்பு சட்டென்று விறைக்காமல் இருக்க அது உதவலாம். ஜனவரி விடியலில் தலைக்குந்தாவில் உறைபனியில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு வேண்டியது அசையாத காற்றைப் பிடித்து வைக்கும் தடித்த ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுப் புகாத ஒரு ஜெர்கின்.

வியர்வையை உறிஞ்சி வெளித்தள்ளும் தெர்மலுக்கு உள்ளே பருத்தி பனியன் போடுபவர்களும் உண்டு. பருத்தி வியர்வையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மேலே இருப்பதற்கு வேலையே இல்லை. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், தொட்டபெட்டா ஏறி வியர்த்தவர் உச்சியில் நின்றதும் நடுங்குவார். தெர்மல் தோலை ஒட்டி இருக்கட்டும்.

இனி துவைப்பது. மணத்துக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் கண்டிஷனர்தான் பெரிய வில்லன். அது இழைகள்மேல் மெல்லிய பசைபோலப் படிவதால் வியர்வை உறிஞ்சும் தன்மை போய்விடும். மழை ஜெர்கினில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடாமல் ஊறத் தொடங்கும். ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம். சீக்கிரம் காயட்டும் என்று ஹீட்டர்மேலோ அடுப்புக்கு மேலோ போட்டால் சிந்தெடிக் இழை சுருங்கிவிடும். மழை ஜெர்கினுக்கு மட்டும் ஒரு விலக்கு: சிலவற்றில் மிதமான இஸ்திரிச் சூடு பட்டால் நீர் விலக்கும் ஃபினிஷ் மறுபடி வேலை செய்யும். லேபிளில் அனுமதி இருந்தால் மட்டும்.

இத்தனையும் பார்த்துவிட்டுக் கம்பளியை மறந்துவிடுகிறோம். ஃபினிஷ் எதுவும் இல்லாமலே அது தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக வாங்கிக்கொள்ளும், நனைந்ததாகத் தோன்றாது. ஈரத்தை அப்படி உறிஞ்சும்போது கொஞ்சம் சூடும் தரும். கொடைக்கானல் மன்னவனூரிலும் ஊட்டி பக்கத்துச் சாண்டிநல்லாவிலும் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணைகளே இருக்கின்றன. தோலில் குத்தும் என்று பயப்படுபவர்கள் மெரினோ என்ற செம்மறி ஆட்டின் மெல்லிய கம்பளியைத் தொட்டுப் பாருங்கள்.

ஃபினிஷ் ஏற்றியதையே வாங்குவதானால், எத்தனை சலவைவரை தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த எண் இல்லையென்றால், சாதாரண பாலியெஸ்டருக்கு என்ன விலையோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.