நேரம் குறித்தும் ஏன் காத்திருக்கிறோம்? தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

அப்பாயின்ட்மென்ட் இருந்தும் ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று புரிய ஒரு தாளும் பேனாவும் போதும். கூகல் ஷீட் பழக்கம் என்றால் இன்னும் சுலபம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரே நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: ஆறு பேருக்கு ஆகும் வேலை நேரத்தை எழுதுங்கள்: 8, 15, 6, 14, 7, 10 நிமிடம். சராசரி 10. உங்கள் சொந்தக் கடை என்றால் ஊகிக்காமல் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். ‘பத்து நிமிஷ வேலைதான்’ என்பவரை நான் நம்புவதில்லை.

படி 2: எல்லாரும் 10 மணிக்கே வந்தால் காத்திருப்பு 0, 8, 23, 29, 43, 50. மொத்தம் 153 நிமிடம்.

படி 3: இப்போது 10 நிமிடத்துக்கு ஒருவரை வரச் சொல்லுங்கள். முன்னவர் காத்திருந்த நேரத்தோடு அவருடைய வேலை நேரத்தைக் கூட்டி, 10-ஐக் கழித்தால் அடுத்தவரின் காத்திருப்பு. விடை சுழியத்துக்குக் கீழே போனால் 0 என்று போடுங்கள். புள்ளியியலாளர் டென்னிஸ் லிண்ட்லி 1952-இல் எழுதிய சமன்பாடு இதுதான். நமக்குக் கிடைப்பது 0, 0, 5, 1, 5, 2. மொத்தம் 13.

சராசரியும் 10, இடைவெளியும் 10. அப்புறம் இந்த 13 எங்கிருந்து வந்தது? முதல் ஆள் மிச்சம் வைத்த 2 நிமிடத்தைச் சேர்த்து வைக்க வழியில்லை. இரண்டாமவர் இழுத்த 5 நிமிடமோ அடுத்தவர் தலையில் விழுகிறது. ஏற்ற இறக்கம்தான் வரிசையை உண்டாக்குகிறது, சராசரி அல்ல.

படி 4: அந்த 2 நிமிடம் நாற்காலி சும்மா கிடந்தது. மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவுகளை ஆராய்ந்த நார்மன் பெய்லி, அதே 1952-இல், தொடக்கத்திலேயே இருவரை வரச் சொல்லும் முறையை முன்வைத்தார். 10 மணிக்கு இருவர், பிறகு 10.10, 10.20 என்று போட்டுப் பாருங்கள். கடை 11.02-க்குப் பதில் 11.00-க்கு முடியும், காத்திருப்பு 53 நிமிடமாகிவிடும். கடைக்காரரின் 2 நிமிடத்துக்கு வாடிக்கையாளர்களின் 40 நிமிடம்! பதிந்தவர்கள் வராமல் போவது சகஜமான கிளினிக்கில் இதற்கு நியாயம் உண்டு. முடிவெட்டும் கடைக்கு வேண்டாம் என்பேன்.

படி 5: பழையபடி 10 நிமிடத்துக்கு ஒருவர்தான், ஆனால் சின்ன வேலைகளை முன்னால் வையுங்கள்: 6, 7, 8, 10, 14, 15. காத்திருப்பு மொத்தம் 4 நிமிடம்தான், ஆனால் கடை 11.09 வரை ஓடும். யாருக்கு எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இது நடக்கும். அதற்கு முன்பதிவில் ஒரு கேள்வி சேர்த்தால் சரி: முடி மட்டுமா, தாடியும் சேர்த்தா?