உடன்போக்குப் பாடலைப் படிப்பது எப்படி?

காதலர் இருவர் மணத்துக்கு முன் வீட்டை விட்டு ஒன்றாகப் புறப்பட்டுப் போவதுதான் உடன்போக்கு. அதைப் பாடும் குறுந்தொகையின் 7ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உரையைத் திறக்குமுன் மூலத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

அடுத்து, பேசுவது யார் என்று பாருங்கள். இங்கே தாயும் இல்லை, தோழியும் இல்லை. வழியில் காதலரை எதிர்ப்பட்ட கண்டோர், அதாவது பார்த்தவர்கள். ஊர்க்காரர் பேசினால் அது அலர், அதாவது ஊர்ப்பழிப் பேச்சு ஆகியிருக்கும். இவர்கள் 'அளியர் தாமே' என்று இரங்குகிறார்கள். கூற்றை, அதாவது பேசுவது யார் என்பதைத் தவறவிட்டால் பாட்டின் தொனியே மாறிப்போகும்.

இனி கால்களுக்கு வாருங்கள். காதலன் காலில் வீரக்கழல், காதலியின் மெல்லடியில் சிலம்பு. மணத்துக்கு முன் சிலம்பு கழிக்கும் சடங்கு உண்டு. அது இன்னும் கழியவில்லை என்றால் மணம் ஆகவில்லை. சொல்லாமலே எல்லாம் சொல்லியாயிற்று! பின்னணியில் வாகை மரத்தின் நெற்று (காய்ந்த காய்) காற்றில் கலகலக்கிறது, கயிற்றின்மேல் ஆடும் ஆரியக் கூத்தரின் பறைபோல. மணப்பறை கேட்காத இந்தப் பயணத்துக்கு இந்த ஓசைதான் துணை என்று வாசிக்க இடமுண்டு.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். 'மரபை உடைத்த காதல்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 'கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே, புணர்ந்துடன் போகிய காலையான' என்கிறது தொல்காப்பியக் கற்பியல். பெண்ணைக் கொடுப்பவர் இல்லாமல் ஓடிப்போனவர்களுக்கும் கரணம், அதாவது மணச்சடங்கு உண்டு. மரபே அவர்களுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

கையோடு ஐங்குறுநூறு 399ஐயும் படித்துவிடுங்கள். சிலம்பு கழிப்பது உங்கள் வீட்டில் நடந்தாலும், வதுவை மணமாவது எங்கள் வீட்டில் நடக்கட்டும் என்று, காதலனின் தாயை நினைத்து, மகளைப் பெற்றவள் கேட்கிறாள்.