வெளிநாட்டுக்குச் சினிமா படிக்க வந்திருக்கிறீர்களா? முதல் பருவத்துக்குச் சில குறிப்புகள்

வந்த முதல் வாரத்திலேயே பலரும் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பொதுவாகத் துறையிலேயே உபகரணக் கிடங்கு இருக்கும். பயிற்சி வகுப்பை முடித்தால் முன்பதிவு செய்து எடுத்துக்கொள்ளலாம். திருப்பித் தரும் நேரத்தை மட்டும் தவற விடாதீர்கள். கிடங்கில் இருப்பவர்களோடு பழகி வைத்துக்கொள்ளுங்கள், எந்த லென்ஸில் என்ன கோளாறு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கையில் காசு இருந்தால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் வாங்குங்கள். எடுத்தது இரண்டிலும் ஏறிய பிறகுதான் மெமரி கார்டை அழிக்க வேண்டும்.

ஊரிலிருந்து கேமராவைக் கொண்டு வந்திருக்கிறீர்களா? அப்படியானால் முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள். நாட்டுக்கு நாடு அது 50 ஹெர்ட்ஸ் அல்லது 60 ஹெர்ட்ஸ். பழைய அமைப்பிலேயே எடுத்தால் சில விளக்குகளின் கீழ் படம் மினுக்கும். 50 என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி என்றும், 60 என்றால் 1/60 நொடி என்றும் வையுங்கள்.

அடுத்தது சொற்கள். தமிழ் சினிமாப் பேச்சில் கால்ஷீட் என்றால் நடிகர் கொடுக்கும் தேதி. இங்கே அது படப்பிடிப்புக்கு முன்தினம் எல்லோருக்கும் போகும் தாள். யார் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்பதிலிருந்து பக்கத்து மருத்துவமனையின் முகவரி வரை அதில் இருக்கும். உதவி இயக்குநர் என்றால் நமக்குக் கதை விவாதத்தில் உட்காரும் நாளைய இயக்குநர். இங்கே ஃபர்ஸ்ட் ஏடி, அதாவது முதல் உதவி இயக்குநர் என்பவர் நேரத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பானவர். இந்த வித்தியாசம் புரியாமல் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். கடிகாரத்தைப் பார்க்காமல், நடிப்பைப் பற்றி இயக்குநரிடம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு காட்சிகளை எடுக்காமலே இடத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அந்த இயக்குநரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

முதல் பருவத்தில் இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும்தான் போட்டி இருக்கும். நீங்கள் ஒலிப்பதிவுக்குக் கை தூக்குங்கள். அதற்கு எந்தக் குழுவிலும் ஆள் தேவைப்படும். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு ஒரே வசனத்தைப் பத்து டேக் கேட்கும்போது, புரியாமல் தடுமாறிய உச்சரிப்பும் காதுக்குப் பழகிவிடும். எனக்கு மொழிப் பயம் போனது பூம் (நீண்ட கோலில் மாட்டிய மைக்) பிடித்துத்தான். படப்பிடிப்பு வீட்டில் இரைச்சல் பதியாமலிருக்க ஃபிரிட்ஜை அணைக்கிறீர்களா? உங்கள் சாவியை அதற்குள் வையுங்கள், கிளம்பும்போது மறுபடி போட மறக்க மாட்டீர்கள். அப்புறம், இடத்தை விட்டுப் போகும் முன் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அறையின் வெறும் ஒலியை 30 நொடியாவது பதியுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும்.

அனுமதிகளில் அலட்சியம் கூடாது. நடிப்பவர்களிடம் எழுத்தில் ஒப்புதல், இடத்துக்கு அனுமதி, ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், மூன்றும் வேண்டும். பிடித்த சினிமாப் பாட்டைச் சேர்க்க இசையமைப்புக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று என இரண்டு உரிமைகள் வாங்க வேண்டும். இல்லையென்றால் விழாவுக்கு அனுப்பும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மாணவர் விசாவில் பல நாடுகள் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன. வெளியார் படத்தில் சம்பளமில்லாமல் செய்வதும் சில இடங்களில் வேலையாகக் கணக்காகலாம். ஒப்புக்கொள்ளும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

தமிழில் படம் எடுக்கலாமா என்று தயங்காதீர்கள், ஆசிரியரிடம் கேளுங்கள். எடுத்தால் சப்டைட்டிலைக் கடைசி இரவுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ் தெரியாத வகுப்புத் தோழர் ஒருவருக்குப் போட்டுக் காட்டி, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். நடிகர் வாய் திறக்கும் முன்பே அவர் சிரித்துவிட்டால், அந்த வரியைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.